லயம் என்றொரு சொல், மீரியபெத்த என்றோர் ஊர்

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தத் தோட்டத்தில் மலை இறங்கி வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். பெரியவர்கள் சிலர் வேலைக்குப் புறப்பட்டிருந்தார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் எத்தனை பேர் என்ற கணக்கு முதல் நாள் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டு, சில நாட்களில் நாற்பதுக்குக் கீழே வந்து நின்றது. தோண்டி எடுத்த உடல்கள் அதிலும் குறைவு. அந்த வாரம் முழுவதும் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. சிலர் 'லயன்' என்றார்கள், சிலர் 'லயம்' என்றார்கள், இன்னும் சிலர் 'லயன் அறைகள்' என்றார்கள். சென்னையில் செய்தி படித்தவர்களில் பலருக்கு அது விளங்கியிருக்காது. லயன் என்றால் சிங்கம், லயம் என்றால் தாளத்தின் கூட்டாளி. மண்ணுக்குள் போனது எது?

போனது ஒரு ஊர். ஆனால் அந்த ஊருக்கு ஊர் என்ற பெயர் சட்டத்திலும் இல்லை, தோட்டக் கணக்கிலும் இல்லை. அங்கே இருந்தது 'டிவிசன்'. அம்பிட்டிகந்தைத் தோட்டத்தின் ஒரு டிவிசன் மீரியபெத்த. டிவிசனுக்குள்ளே லயங்கள், லயத்துக்குள்ளே காம்பராக்கள். மனிதர் வாழும் இடத்தைக் குறிக்க இங்கே புழங்கும் சொல் ஒவ்வொன்றும் வேறெங்கிருந்தோ வந்து ஏறியது. அந்தச் சொற்களில் மூத்தது லயம்.

மூலத்தைப் பற்றி மலையகத்தில் ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. துரைமார் குதிரை கட்டிய 'லாயத்தில்' தொழிலாளரைக் குடிவைத்தார்களாம். லாயம் குறுகி லயம் ஆயிற்றாம். கேட்டதும் நம்பத் தோன்றும் கதை. கோபத்துக்கும் இடம் கொடுக்கிறது. லாயம் தமிழில் குதிரைக் கொட்டில். தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே பொருளில் இருக்கிறது. ஆனால் சொல் அந்த வழியில் வரவில்லை. ஆங்கிலத் தோட்டக்காரர்களின் குறிப்புகளில் கோப்பிக் காலம் தொட்டே கட்டடத்தின் பெயர் 'கூலி லைன்ஸ்'. சிங்களத்தில் இன்றும் 'லயின் காமர' என்கிறார்கள். சிங்களவர் வாயில் லயின், தமிழர் வாயில் லயன், லயம். மூன்றும் ஒரே 'லைன்'தான். இன்னொரு கூட்டத்தார் சமஸ்கிருத லயத்தைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். லயம் என்றால் ஒடுங்கல், கரைந்துபோதல். மீரியபெத்தவுக்குப் பிறகு அந்தச் சிலேடை நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. இறந்தவர்களை வைத்துச் சொல் விளையாடுவது ஆராய்ச்சி ஆகாது.

லைன் எப்படி லயம் ஆயிற்று என்பது தமிழ் இலக்கணம் அறிந்தவருக்குச் சுவையான கேள்வி. 'லைன்' என்பதில் உள்ள ஐகாரத்தைத் தமிழ் நாக்கு விரித்து 'லயின்' என்றோ 'லயன்' என்றோ சொல்லும். பிறகு கடைசி எழுத்து. நிலன் நிலம், கலன் கலம், அறன் அறம், புறன் புறம் என்று மகரமும் னகரமும் அஃறிணைப் பெயர்களின் இறுதியில் இடம் மாறி நிற்பது நன்னூல் காலத்துக்கும் முந்தைய வழக்கம். கடைப்போலி என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கும். லயன் லயம் ஆனது அதே வழியில்தான். யாரும் உட்கார்ந்து மொழிபெயர்க்கவில்லை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் நாக்கு தன் பழைய சட்டப்படி வேலை செய்தது.

மகரம் வந்து சேர்ந்ததும் அடுத்த கதவு திறந்தது. மரம், மரத்து, மரத்தில்; லயம், லயத்து, லயத்தில். அத்துச்சாரியை ஏற்கிற சொல்லைத் தமிழில் அந்நியன் என்று சொல்ல முடியாது. 'லயத்துக்காம்பரா', 'லயத்துப் பிள்ளைக', 'லயத்து வாசல்' என்று பேசும்போது அது ஆங்கிலச் சொல் என்ற நினைப்பே பேசுகிறவருக்கு வருவதில்லை. லகரம் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது என்ற பழைய விதி மட்டும் மிச்சம் இருக்கிறது. பண்டிதர் ஒருவர் விடாப்பிடியாக 'இலயம்' என்று எழுதினால் அவரைத் தடுக்க ஆளில்லை.

சொல்லுக்கு இப்படி வெகு சுலபமாகக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அதற்குள் குடியிருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. சுதந்திரம் வந்த ஆண்டிலேயே, 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மீந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒத்திவைத்து, 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எஞ்சியோரின் கணக்கை முடித்து வைக்கிற சட்டம் வந்தது 2003 இல். கடைப்போலி நன்னூலின் ஒரு சூத்திரத்தில் முடிந்த வேலைக்கு நாடாளுமன்றங்கள் ஐம்பத்தைந்து ஆண்டு எடுத்தன.

லைன் என்ற சொல்லைத் துரைமார் எங்கிருந்து எடுத்தார்கள்? பட்டாளத்திலிருந்து. பிரித்தானிய இந்தியாவில் சிப்பாய்கள் குடியிருந்த வரிசைக் குடிசைகளுக்கு லைன்ஸ் என்று பெயர். டில்லியிலும் அலகாபாத்திலும் வெள்ளைக்கார அதிகாரிகள் வசித்த 'சிவில் லைன்ஸ்', தமிழ்நாட்டு ஊர்களின் 'போலீஸ் லைன்', சிங்கப்பூரில் அவுட்ரம் பக்கத்தில் இருந்த 'சிப்பாய் லைன்ஸ்' எல்லாம் ஒரே குடும்பம். இலங்கை மலைநாட்டில் கோப்பி நட்ட முதல் தலைமுறையில் படையதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் நிறைய. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸே கன்னொருவையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தார். அவர் வாட்டர்லூ பார்த்த தளபதி. அப்படிப்பட்டவர்கள் காட்டை வெட்டி ஆட்களை இறக்கினால் என்ன செய்வார்கள்? தெரிந்ததைச் செய்தார்கள். ஆட்களை வரிசையில் குடிவைத்தார்கள். விடியற்காலையில் வரிசையில் நிறுத்தினார்கள்.

அந்தக் காலை வரிசைக்குத் தோட்டத்தில் 'பெரட்டு' என்று பெயர். பரேட் என்ற பட்டாளச் சொல்லின் தோட்டத்து உருவம் அது. தப்புச் சத்தம் கேட்டு எழுந்து, பெரட்டுக்களத்தில் நின்று, கணக்கப்பிள்ளை வேலை பிரித்துக் கொடுத்த பிறகு மலைக்கு ஏறுவார்கள். லயமும் பெரட்டும் சேர்ந்தே வந்தவை. இரவுக்கு ஒரு வரிசை, காலைக்கு ஒரு வரிசை.

வந்த வழியும் முகாம் வழிதான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்தார்கள். நடந்தவர்களில் எத்தனையோ பேர் மலைநாட்டைப் பார்க்கவில்லை. 1914 இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் வந்தபின், இராமநாதபுரம் கரையில் மண்டபம் தடுப்பு முகாமில் நோய் பார்த்து, அங்கிருந்து ஏற்றினார்கள். அந்த ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் மண்டபம் கேம்ப். பிற்காலத்தில் போருக்குத் தப்பி எதிர்த்திசையில் வந்த இலங்கை அகதிகளும் அதே மண்டபத்தில் வைக்கப்பட்டார்கள்.

இனி, பொருள். லயம் என்பது ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் அறைகளின் வரிசை. சில லயங்களில் அறைகள் ஒரு பக்கம் பார்த்து நிற்கும். வேறு சிலவற்றில் முதுகோடு முதுகு ஒட்டி இரு பக்கமும் பார்க்கும். இரண்டாம் வகையில் பின்சுவர் என்பதே இல்லை; அங்கே காற்றுக்கு எந்த வழி? முதலில் கம்பும் மண்ணும், மேலே புல். பிறகு கல் சுவர், தகரக் கூரை. ஓர் அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒரு குடும்பம். பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் கட்டினால் சேலை மறைப்புப் போட்டு இரண்டு குடும்பம். 1912 இல் தோட்டத் தொழிலாளரின் நோய் பற்றிய சட்டங்கள் வந்தபோதுதான், இந்த அறைகள் எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கம் கொஞ்சம் கவலைப்படத் தொடங்கியது. கொக்கிப் புழுவும் வயிற்றுப்போக்கும் ஆட்களைக் குறைத்தால் கொழுந்தும் குறையும் அல்லவா.

அறைக்குப் பெயர் 'காம்பரா'. போர்த்துக்கேயரின் 'காமரா'தான் சிங்களத்தில் 'காமரய' ஆகவும் தோட்டத் தமிழில் காம்பரா ஆகவும் நிற்கிறது. முன் திண்ணை 'இஸ்தோப்பு'. அது ஒல்லாந்தரின் 'ஸ்தூப்'. சமையல் இடம் 'குசினி', மறுபடியும் போர்த்துக்கேயம். போர்த்துக்கேயரோ ஒல்லாந்தரோ ஊவா மலையை ஒரு நாளும் ஆளவில்லை. 1630 இல் ஊவாவுக்குள் படை நடத்திவந்த போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டீனு த சா ரந்தெனிவெலையில் படையோடு மாண்டார். ஆனால் அவர்களுடைய சொற்கள் கரையோரத்துச் சிங்களவர் வாய் வழியாக மெல்ல ஏறி வந்து லயத்தில் குடியேறிவிட்டன. வரிசை ஆங்கிலேயன், அறை போர்த்துக்கேயன், திண்ணை ஒல்லாந்தன். நூற்றிருபது சதுர அடிக்குள் இலங்கையின் மூன்று குடியேற்ற ஆட்சிகளும் ஒன்றாகப் படுத்திருந்தன.

காம்பராவிலிருந்து பிறந்த இன்னொரு சொல் 'பிள்ளைக்காம்பரா'. தாய் மலைக்குப் போனதும் கைக்குழந்தையை விட்டுச் செல்லும் இடம் அது. சில தோட்டங்களில் 'பிள்ளைமடுவம்' என்பார்கள். மடுவம் சிங்களத்தின் 'மடுவ', கொட்டகை. கொழுந்து நிறுக்கும் இடம் கொழுந்து மடுவம். தேயிலை ஆலைக்கு 'ஸ்டோர்' என்ற பெயர் கோப்பிக் காலத்தின் மிச்சம்; கோப்பிக் கொட்டையை அங்கே சேமித்தார்கள். 1869 இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது, அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார், செடி மாறியது, எந்திரம் மாறியது. ஸ்டோரும் லயமும் மாறவில்லை.

ஊவாவுக்குத் தேயிலையைக் கூட்டி வந்தது பணமும் ரயிலும். 1890 இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தம்பதென்னையை வாங்கினார். 1893 இல் ஹப்புத்தளைக்கும் 1894 இல் பண்டாரவளைக்கும் வந்த ரயில், பதுளையை எட்ட 1924 ஆயிற்று. ஹப்புத்தளையிலிருந்து தெற்கே இறங்கும் சாலை பெரகலைச் சந்தியில் திரும்பி, கொஸ்லந்த, 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி என்று வெல்லவாய வரை போகிறது. அந்தச் சாலைக்கு மேலே, பூனாகலைத் திசையில் எழும் சரிவில்தான் மீரியபெத்த. பெயரின் பின்பாதி 'பெத்த' என்பது சிங்களத்தில் புதர்க்காடு. கொஸ்லந்தவில் 'கொஸ்' பலாவைக் குறிக்கும். 'லந்த' மறுபடியும் காட்டு நிலம். தேயிலைக்கு முன்னே அங்கே என்ன இருந்தது என்பதை இந்தப் பெயர்கள் மறக்கவில்லை. பெத்தவை வெட்டித் தோட்டம் ஆக்கினார்கள். தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்தார்கள். ஆளை எங்கே வைப்பது?

தேயிலைக்கு ஆகாத இடத்தில், தண்ணீர் கிடைக்கும் மடிப்பில். தோட்ட முதலாளிக்கு ஒவ்வோர் ஏக்கரும் தேயிலைக்கான ஏக்கர். லயத்துக்கு விட்ட நிலம் மிஞ்சிய நிலம். ஊற்றோ ஓடையோ பக்கத்தில் இருந்தால் ஒரு குழாய் பதித்துப் 'பீலி' வைக்கலாம்; குளிப்பும் குடிநீரும் அங்கேயே முடியும். நிலவியல் தெரிந்தவர் அந்த மடிப்பைப் பார்த்தால் வேறொன்றைச் சொல்வார்: மேலிருந்து நீர் ஒன்றுகூடி இறங்கும் பள்ளம் அது, மண்ணும் அந்த வழியாகத்தான் வரும். பழைய தோட்டங்களில் 'கான் வெட்டு' என்று ஒரு வேலை தவறாமல் இருந்தது. சரிவுக்குக் குறுக்கே ஓடும் கான்களை, அதாவது வடிகால்களைத் தூர்வாரி வைப்பார்கள். மழைநீர் மண்ணுக்குள் ஊறி மலையைக் கனக்க வைக்காமல் ஓடிவிடும். ஆள் குறைந்து செலவு பார்க்கிற காலம் வந்ததும் முதலில் விடுபடுகிற வேலைகளில் அதுவும் ஒன்று.

மீரியபெத்த ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று பலர் கேட்டார்கள். போவதற்கு எந்த இடத்தைக் காட்டினார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் இருப்பவர் வேலைசெய்யும் வரை இருப்பவர். வேறிடத்தில் ஒரு குடிசை போடக் கையகல மண் அவர் பெயரில் கிடையாது.

ஊரின் அடையாளங்கள் பற்றிப் பேசாமல் ஊர் வரலாறு ஆகாது. மீரியபெத்த போன்ற தோட்டத்தில் அவை எங்கே இருக்கும்? துரை பங்களா மேட்டில். அங்கே வேலியும் பூச்செடியும். பெரட்டுக்களம், மடுவம், பிள்ளைக்காம்பரா எல்லாம் தோட்ட நிர்வாகம் தன் வசதிக்கு வைத்தவை. மக்கள் தாங்களாக வைத்த முதல் கட்டடம் மாரியம்மன் கோயில். கங்காணிமார் முன்நின்று, சம்பளத்தில் சந்தா பிடித்து எழுப்பிய கோயில்கள் அநேகம். தேயிலை மலைக்குள்ளே கல்லை நட்டு முனியாண்டியும் மாடசாமியும். தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து தொடங்கும் நாளில் கவ்வாத்துச்சாமிக்குப் பூசை. ஸ்டோரில் சக்கரம் சுழலும் இடத்துக்கு 'ரோதமுனி' என்று ஒரு காவல் தெய்வம். ரோதை என்பது சக்கரம், அதுவும் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். எந்திரத்துக்கு ஒரு முனியைக் கண்டுபிடித்தவர்களின் கற்பனையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. மாசியில் காமன் கூத்து நடக்கும்; காமன் நட்ட இடம் காமன் பொட்டல். வெறும் மண் திடல்தான், ஆனால் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறொரு வழி. 1854 இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிற்று. போதகர்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். கத்தோலிக்கர் 'பங்கு' என்பார்கள். ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள ஊர்ப் பகுதி அது. பதுளைக்குத் தனி மறைமாவட்டம் 1972 இல்தான் அமைந்தது. மன்னாரிலோ தூத்துக்குடிக் கரையிலோ பங்கு என்பது ஊரும் கோயிலும் கல்லறைத் தோட்டமும் ஒன்றான ஓர் உறவு. மலைத் தோட்டத்தில் நிலம் கம்பனியுடையது, கோயில் சிற்றாலயம், சாமியார் எப்போதாவது ஏறி வருபவர். இங்கிலாந்துக் கிராமமும் பங்கு அமைப்பில் பிறந்ததுதான், அந்தத் துரைமார் பலர் அப்படிப்பட்ட சிற்றூர்களிலிருந்தே வந்தார்கள். ஹப்புத்தளையில் 1931 இல் சர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கல்மாளிகைக்கு 'அடிஷம்' என்று பெயர். கெண்ட் பகுதியில் அவர் பிறந்த ஊரின் பெயர் அது. பிறந்த ஊர் நினைவாக வீட்டுக்குப் பெயர் வைக்கும் சுகம் அவருக்கு வாய்த்தது. இன்று அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அவருடைய வர்த்தகம் நின்ற தேயிலையைப் பறித்தவர்கள் பிறந்த ஊர்களின் பெயர் எந்தச் சுவரிலும் ஏறவில்லை. லயத்தை அடையாளம் சொல்ல எண்ணும் திசையும்தான்: பத்துக் காம்பரா லயம், மேட்டு லயம், பணிய லயம். டிவிசனுக்குக்கூட மேற்கணக்கு, பணியக்கணக்கு. இருந்தும், தமிழ்த் தொழிலாளர் தோட்டங்களுக்குத் தாமாக ஒரு பெயர் சூட்டிக்கொண்டார்கள். தபாலும் கங்காணியும் வழிதவறக் கூடாதென்று பெர்குசனின் சிலோன் விவரக்கொத்து அந்தத் தமிழ்ப் பெயர்களையும் அச்சிட வேண்டி வந்தது.

லயம் இலங்கையோடு நிற்கவில்லை. மலேசியாவின் ரப்பர் தோட்டத்திலும் தமிழர் இருந்தது லயத்தில்தான். ஃபிஜியில் கரும்புக்குப் போனவர்களுக்கும் லைன். மொரீசியஸில் அது 'கேம்ப்', கயானாவில் 'லோஜி', நேட்டாலில் 'பரக்ஸ்'. ஒப்பந்தக் கூலி போன இடமெல்லாம் குடியிருப்பின் பெயர் பட்டாளத்தையோ அடிமைக் காலத்தையோ நினைவூட்டுகிறது. மூணாறு மலையில், மலையாளிகளும் தமிழரும் சேர்ந்தே 'லயம்' என்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் போனார்கள். பெரும்பாலோர் கயத்தாறுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். அடுத்த நாட்களில் மலையாளப் பத்திரிகைகளில் 'லயங்ஙள்'. மீரியபெத்தச் செய்தி மீண்டும் அச்சானது போல.

வயநாட்டில் மட்டும் வேறு சொல். அங்கே தேயிலைத் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் 'பாடி' என்று பெயர். இது அசல் திராவிடச் சொல். ஆயர்பாடி நாம் அறிந்தது; முல்லை நிலத்து ஊர். அகராதியைப் புரட்டினால் பாடிக்கு இன்னொரு பொருளும் உண்டு: பாசறை. படை தங்குமிடம் பாடிவீடு. இங்கிலீஷ்காரன் தன் பட்டாளச் சொல்லை எடுத்து வந்து லைன் என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாமலே, பக்கத்து மலையில் நம்மவர் தம் பழைய பாசறைச் சொல்லால் அதே கட்டடத்தை அழைத்திருக்கிறார்கள். இரண்டுமே தங்கிப்போகிற இடத்தின் பெயர்கள். பாசறையில் யாரும் பேரப்பிள்ளை எடுப்பதில்லை. லயத்தில் ஐந்து, ஆறு தலைமுறை எடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் புத்துமலையிலும், 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையிலும் மண்ணோடு போனவற்றில் பாடிகளும் இருந்தன.

எழுத்தாளர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் முன்பே பிடிபட்டிருந்தது. தி. ஞானசேகரன் தன் நாவலுக்கு வைத்த தலைப்பு 'லயத்துச் சிறைகள்'. சி. வி. வேலுப்பிள்ளை வேறு பக்கத்திலிருந்து வந்து 'வீடற்றவன்' என்றார். கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, ஆனால் வீடில்லை என்பதுதான் லயத்தின் இலக்கணம் என்று இவ்விரு தலைப்புகளையும் சேர்த்துப் படித்தாலே விளங்கும்.

அரசாங்கத்துக்குப் பிடிபட நேரமாயிற்று. 1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமை ஆக்கிற்று. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குத் திரும்பியது. லயம் இருந்த இடத்திலேயே இருந்தது. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சபையின் பணம் ஊருக்குத்தான் செலவாகலாம் என்றிருந்தது. தோட்டத்துக்குள் அது போகத் தடை இருந்தது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினரையும் அனுப்பினார்கள், ஆனால் அந்தச் சபை அவர்கள் லயத்துப் பாதைக்கு ஒரு வண்டிக் கல் போட முடியாதிருந்தது. இந்தத் தடை திருத்தப்பட்டது 2018 இல். அதே ஆண்டு பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை என்ற நீண்ட பெயரோடு ஒரு நிறுவனமும் சட்டமாயிற்று. அதற்குச் சற்று முன்னர் மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கென்று அமைச்சே வந்திருந்தது. 'கிராமம்' என்ற சொல் தோட்டத்துக்குள் அதிகாரப்பூர்வமாக நுழைந்தது அப்போதுதான். அதுவும் 'புதிய' என்ற அடைமொழியோடு. ஒன்றரை நூற்றாண்டு இருந்த இடத்தில் இருந்துகொண்டே புதிய கிராமத்தார் ஆகிற விசித்திரத்தை அதிகாரிகள் கவனித்தார்களோ என்னவோ.

மீரியபெத்தவில் தப்பியவர்கள் முதலில் கொஸ்லந்த, பூனாகலைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் இருந்தார்கள். பிறகு மாக்கல்தெனியவில் மூடிக்கிடந்த பழைய தேயிலை ஆலைக்குக் கொண்டுபோனார்கள். பறித்த கொழுந்தை உலர்த்திய மாடியில் தடுப்புப் போட்டு, பறித்தவர்களின் குடும்பங்கள். ஸ்டோர் என்ற சொல் தன் முதற்பொருளான சேமிப்பறைக்குத் திரும்பிப் போனது இப்படித்தான். மாக்கல்தெனியவிலேயே இராணுவத்தினர் கட்டிய 75 வீடுகள் 2016 ஒக்டோபரில் கையளிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர்ச்சஸ் காணி. முதல் லைன்களின் பெயர் பட்டாளத்திலிருந்து வந்தது; அவை ஒழிந்தபின் வந்த வீடுகளைக் கட்டியதும் பட்டாளம். ஆனால் இந்த முறை சுவர்கள் ஒட்டவில்லை. நான்கு பக்கமும் நடந்து வரலாம்.

தனிவீட்டுத் திட்டங்களுக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு மாற்றம் தெரிகிறது. இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்த இன்னும் 10,000. பூண்டுலோயாப் பக்கம் டன்சினனில் 2018 இல் திறந்த 404 வீடுகளுக்கு மகாத்மா காந்திபுரம் என்று பெயர். பத்துக் காம்பரா, பணிய லயம் என்று எண்ணில் இருந்தவர்களுக்குப் 'புரம்' வந்து சேர்ந்திருக்கிறது. புரம் மிகப் பழைய ஊர்ப்பெயர் ஈறு. காஞ்சிபுரம் முதல் இராமநாதபுரம் வரை தமிழருக்குப் பழக்கமானது. கட்சித் தலைவர்களின் பெயரைச் சூட்டத்தான் போட்டி நடக்கிறது என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். முணுமுணுக்கவும் ஒரு தெருப்பெயர் வேண்டுமே.

லயங்கள் இன்னும் போகவில்லை. 2023 மார்ச்சில் மீரியபெத்தவுக்குப் பக்கத்து மலையான பூனாகலைக் கபரகலைத் தோட்டத்தில் மறுபடி மண் சரிந்து லயங்கள் சிதைந்தன, உயிர்கள் தப்பின. அங்கிருந்தவர்களுக்கும் கடிதம் வருவது தோட்ட அலுவலகத்தின் முகவரிக்குத்தான். லயத்துக்குத் தெருப்பெயர் இல்லை, காம்பராவுக்குத் தபால் இலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், அதன்பின் ஆளின் பெயர் என்று எழுதுவார்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் தகப்பன் பெயர் கேட்க வேண்டும். பரீட்சைப் பெறுபேறும் வேலைக்கான நேர்முகக் கடிதமும் பிந்திக் கிடைத்த கதை மலையகத்தில் ஏறக்குறைய எல்லாத் தோட்டத்திலும் உண்டு. புதிய வீடுகளில் கதவுக்கு ஓர் இலக்கம் இருக்கிறது. தபால்காரர் அங்கே நேரே வருகிறார்.